கைபேசி இருக்கும்போது கையில் இன்னொரு கருவி எதற்கு?

கேள்வி: 2025 ஜூன் 8

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவி மூன்று நாட்களுக்கு முன்பு வெளிவந்திருக்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 449.99 டாலர். அந்தப் பணத்துக்கு நல்ல கைபேசியே வாங்கிவிடலாம், அதில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. கையடக்க விளையாட்டுக் கருவி என்ற இனமே 2011இல் செத்துவிட்டது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 8, இரவு

ஆண்டைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். மரணத்தைத்தான் தவறாக அறிவித்திருக்கிறீர்கள்.

2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கும், மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கும் நிண்டெண்டோ 3டிஎஸ் விற்பனைக்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் உலகம் முழுவதும் விற்றவை ஏறத்தாழ 7,10,000 மட்டுமே. வெளிவந்து ஆறு மாதம்கூட நிறையாத கருவியின் விலையை ஆகஸ்ட்டில் ஜப்பானில் 15,000 யென்னாகவும் அமெரிக்காவில் 169.99 டாலராகவும் குறைத்தார்கள். முன்பே முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் மனத்தாங்கலைத் தணிக்க 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகத் தந்தார்கள். நிறுவனத் தலைவர் சடோரு இவாட்டா தம் சம்பளத்தில் பாதியைத் தாமே வெட்டிக்கொண்டார். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் காட்டிய நிகர நட்டம் 4,320 கோடி யென்.

அதே காலத்தில், ஃபின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்ட ஆங்ரி பேர்ட்ஸ், 99 சென்டுக்கு உலகத்தின் எல்லாப் பைகளுக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தது. 3டிஎஸ் விளையாட்டு ஒன்றின் விலையோ 40 டாலர். பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய்க்கு விற்கும் மிட்டாயை இந்தக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கச் சொன்னால் யார் நிற்பார்கள்? ஆகவே அடித்தது கைபேசிதான். ஆனால் அடிபட்டதெல்லாம் சாவதில்லை. பொத்தான் இல்லாத கருவியில் விளையாடுவது இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடுவது போன்றது; அது பொறுக்காதவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

ஜூன் 9, காலை

நேற்று எழுதியதை மீண்டும் படித்தேன். கோபத்தில் எழுதியது போலிருக்கிறது, கணக்கும் இடிக்கிறது.

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது 2008 ஜூலையில். கைபேசிதான் அடித்தது என்றால் அன்று முதலே, 3டிஎஸ்ஸுக்கு முந்தைய கருவியான நிண்டெண்டோ டிஎஸ் சரிந்திருக்க வேண்டும். ஆனால் டிஎஸ் தன் வாழ்நாளிலேயே மிக அதிகமாக விற்றது 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில்தான், ஒரே ஆண்டில் 3.1 கோடிக்கும் மேல். 2009 செப்டம்பரில் ஆப்பிள் தன் மேடையில் ஒரு பட்டியலைக் காட்டியது: ஆப் ஸ்டோரில் 21,178 விளையாட்டு, பொழுதுபோக்குச் செயலிகள், டிஎஸ்ஸுக்கு 3,680 விளையாட்டுகள், சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு 607. எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால், திருவிழாக் கடையில் விற்கும் பீப்பியின் முன்னால் நாதசுவரம் எப்போதும் தோற்றுத்தான் போகும். இருந்தாலும் அந்தப் பட்டியல் எனக்கு ஒன்றைக் காட்டுகிறது: அதற்குள் ஆப்பிள் யாரைப் போட்டியாளராகக் கருதத் தொடங்கியிருந்தது என்பதை.

டிஎஸ் மொத்தம் விற்றது 15.4 கோடி. 3டிஎஸ் விலைக்குறைப்புக்குப் பிறகு, ஆண்டின் இறுதியில் வந்த சூப்பர் மாரியோ 3டி லேண்ட், மாரியோ கார்ட் 7 ஆகிய விளையாட்டுகளின் துணையோடு எழுந்து நின்று கடைசியில் 7.59 கோடியில் முடிந்தது. செத்தது என்று சொல்ல அது பெரிய எண், செழித்தது என்று சொல்லச் சிறிய எண். அந்தப் பாதி எங்கே போனது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, மதியம்

பிளேஸ்டேஷன் வீட்டாவை மறந்துவிட்டேன் என்று ஒருவர் கடிந்துகொள்கிறார். சோனியே மறந்துவிட்ட கருவியை நான் மறந்ததில் வியப்பென்ன?

வேடிக்கை போகட்டும். 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த வீட்டா, ஐந்து அங்குல ஓஎல்இடி திரையும் விரலால் தள்ளும் இரண்டு குச்சிகளும் முதுகில் தொடுபரப்பும் கொண்ட, அந்தக் காலத்துக் கைபேசிகளை வெட்கப்படவைத்த கருவி. அதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட 32 ஜிபி நினைவக அட்டைக்கு அமெரிக்காவில் 99.99 டாலர் கேட்டார்கள். பிஎஸ்பியை ஜப்பானில் தூக்கி நிறுத்திய மான்ஸ்டர் ஹண்டர் விளையாட்டுத் தொடர் 3டிஎஸ் பக்கம் போய்விட்டது. 2019இல் தயாரிப்பு நின்றது. இந்த ஒரு சாவையாவது கைபேசியின் கணக்கில் முழுதாக எழுதாதீர்கள். அந்த நினைவக அட்டைக்கும் பங்கு உண்டு.

ஜூன் 12

மூன்று நாட்களாக வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கையடக்கக் கருவி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால்தான் கைபேசி அதனிடமிருந்து எதைப் பிடுங்கியது என்பது தெரியும்.

நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய், புல்லட் ரயிலில் போகும்போது ஓர் அலுவலர் சலிப்பில் தம் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார் என்றும், அதிலிருந்துதான் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது என்றும் சொல்வார்கள். 1980இல் வந்த அந்தச் சிறு கருவியில் ஒரு விளையாட்டும் ஒரு கடிகாரமும் இருந்தன. ஆக இந்த இனமே ரயில் பயணத்தில் வீணாகும் பத்து நிமிடத்துக்காகப் பிறந்தது. அதே யோகோய் 1989இல் கேம்பாயைக் கொண்டுவந்தார். நிறமில்லாத, பின்னொளி இல்லாத, நான்கே சாயல் காட்டும் திரை. நான்கு பென்சில் செல் போட்டால் பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடும். மறு ஆண்டு வந்த சேகா கேம் கியரின் வண்ணத் திரை ஆறு செல்லைத் தின்றுவிட்டு நான்கைந்து மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். எது வென்றது என்பது ஊரறிந்த கதை.

கேம்பாய் எங்கள் தெருவுக்கு வரவேயில்லை. எனக்குக் கிடைத்தது பொருட்காட்சியில் அப்பா பேரம் பேசி வாங்கித் தந்த, '9999 விளையாட்டுகள்' என்று அட்டையில் அச்சடித்திருந்த செங்கல் அடுக்கும் ஆட்டக் கருவி. 9999 என்பது உண்மையில் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளின் வேக மாற்றங்கள்தான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது. செல் தீர்ந்தால் புதிது வாங்கப் பணம் கேட்க முடியாது என்பதால் கூடத்துச் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்வேன். அப்பா திட்டவில்லை, நின்றுபோன கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இரண்டு இருபதுக்கு எடுத்திருக்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னார். திருடிய நேரத்தைத் திருடனே சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரே திருட்டு அதுவாகத்தான் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பத்து நிமிடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது 2008இல் இல்லை. 1997இல் நோக்கியா 6110இல் பாம்பு நெளியத் தொடங்கியபோதே அது கைமாறத் தொடங்கிவிட்டது. பேருந்துக்குக் காத்திருக்கும் மனிதனுக்குத் தேவையானது சிறந்த விளையாட்டன்று; ஏற்கெனவே சட்டைப் பையில் இருக்கும் விளையாட்டு.

ஜூன் 15

"அப்படியானால் இரண்டையும் ஒன்றாக்கியிருக்கலாமே" என்ற கேள்வி வந்திருக்கிறது. ஒன்றாக்கினார்கள். 2003 அக்டோபரில் நோக்கியா என்-கேஜ் வந்தது, 299 டாலர். பேசும்போது அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். மடித்த தோசையைக் காதோடு ஒட்டிக்கொண்டது போலிருக்கும். விளையாட்டு அட்டையை மாற்ற வேண்டுமென்றால் முதுகுமூடியைத் திறந்து பேட்டரியையே கழற்ற வேண்டும், அதாவது ஒவ்வொரு முறையும் தொலைபேசி அணைந்து எழ வேண்டும். மறு ஆண்டே என்-கேஜ் கியூடி என்று திருத்திக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஊர் சிரித்து முடித்துவிட்டது. 2011இல் சோனி எரிக்சன் எக்ஸ்பீரியா பிளே என்று, கீழே இழுத்தால் பொத்தான்கள் வெளிவரும் கைபேசியைக் கொண்டுவந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

வடிவக் கோளாறு மட்டும் காரணமன்று என்பது என் அனுபவம். தாம்பரத்திலிருந்து பூங்கா நிலையம் வரை மின்சார ரயிலில் போய்வந்த ஆண்டுகளில், காலையில் கைபேசியில் விளையாடினால் மாலையில் வீட்டுக்கு அழைத்துத் தாமதமாகும் என்று சொல்வதற்குச் சார்ஜ் இருக்காது. ஆட்டத்துக்கும் அழைப்புக்கும் ஒரே உண்டியல். தனிக் கருவி வைத்திருந்தபோது அந்தக் கவலை இல்லை. அதோடு, டிஎஸ்ஸை மடித்தால் ஆட்டம் அந்த நொடியிலேயே உறைந்து நிற்கும், திறந்தால் அதே நொடியிலிருந்து தொடரும். கைபேசியில் அந்த உரிமை எனக்கில்லை. அழைப்பும் வங்கிக் குறுஞ்செய்தியும் குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கமும் என்னைக் கேட்காமல் ஆட்டத்தின் மேல் வந்து உட்காரும்.

இன்னொரு பை, இன்னொரு கம்பி, இன்னொரு எடை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 22

பொத்தான் பற்றி 8ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழுதாக அன்று, பெரும்பகுதியை.

அக்கா மகன் விடுமுறை முடிவதற்குள் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பதினான்கு வயது. அவனுடைய உலகம் பிஜிஎம்ஐ. 2018இல் பப்ஜி மொபைல் என்று நுழைந்து, 2020 செப்டம்பரில் அரசு தடை செய்து, 2021 ஜூலையில் பெயர் மாறித் திரும்பி, 2022 ஜூலையில் மறுபடி மறைந்து, 2023 மே மாதம் மறுபடி எழுந்த விளையாட்டு அது. புராண அரக்கர்களுக்குக்கூட இத்தனை மறுபிறப்பு கிடைத்ததில்லை. அவன் கைபேசியைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, இரண்டு கட்டைவிரல்களோடு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நண்டு போல வளைத்து மேலிருந்து திரையைத் தொடுகிறான். வியர்வையில் வழுக்காமலிருக்க விரலில் துணியுறை மாட்டிக்கொள்கிறான். நடப்பது ஒரு விரல், குறி பார்ப்பது ஒரு விரல், சுடுவது ஒன்று, குனிவது ஒன்று. திரையில் பொத்தான்களின் இடத்தைக்கூட அவனே நகர்த்தி அமைத்துக்கொண்டிருக்கிறான். நான் சுவரைத் தடவுவது என்று எழுதினேனே, அவன் கண்ணாடியில் வீணை வாசித்துக்கொண்டிருந்தான்.

என் பழைய ஸ்விட்சை அவனிடம் கொடுத்தேன். இருபது நிமிடம் மரியாதைக்காக விளையாடிவிட்டுத் திருப்பித் தந்தான்.

"மாமா, கேம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல என் ஃப்ரெண்ட்ஸ் யாருமே இல்லையே."

அவன் குறையாகச் சொன்னது திரையையோ பொத்தானையோ அன்று. அவன் வகுப்பில் ஸ்விட்ச் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு கைபேசி, அப்பாவுடையதோ அண்ணனுடையதோ, எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தைத் தண்ணீராக்கிய பிறகு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். முதல் ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வைத்தோ, இறக்குமதிக் கடையில் கூடுதல் விலை கொடுத்தோதான் வாங்க முடிந்தது. ஜப்பானில் பிஎஸ்பியைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்கள் உணவகங்களில் கூடி மான்ஸ்டர் ஹண்டர் ஆடினார்கள். அங்கே கருவியைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. இங்கே கூட்டம் இருக்கும் இடத்தில் கருவி இல்லை.

ஜூன் 22, சற்று நேரம் கழித்து

வீணை என்று எழுதியது மிகை என்று அவனே படித்துவிட்டுச் சொல்கிறான். நேற்று மூன்றாவது நிமிடத்திலேயே செத்துப்போனானாம்.

ஜூன் 29

விலைக்கு வருகிறேன். "ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இலவசம்" என்று தொடங்கியிருந்தீர்கள். அந்த இலவசத்தின் மீதுதான் எனக்கு உண்மையான வழக்கு உண்டு.

இவாட்டா 2015 மார்ச்சில் டிஎன்ஏ (DeNA) என்ற கைபேசி விளையாட்டு நிறுவனத்தோடு கைகோத்து, கைபேசிக்கும் விளையாட்டுச் செய்யப்போவதாக அறிவித்தார். நான்கு மாதத்தில் மறைந்துவிட்டார். விளைவுகளை அவர் பார்க்கவில்லை. 2016 டிசம்பரில் சூப்பர் மாரியோ ரன் வந்தது. முதல் சில கட்டங்கள் இலவசம், மீதி முழுவதும் ஒரே முறை 9.99 டாலர், அதன் பிறகு கேட்பதில்லை. இதைவிட நேர்மையான கணக்கு கைபேசியில் அரிது. கோடிக்கணக்கானவர்கள் இறக்கிக்கொண்டார்கள், ஆனால் எதிர்பார்த்த வருவாய் வரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து வந்த ஃபயர் எம்பளம் ஹீரோஸ், மாரியோ அளவுக்குப் பெயர் பெறாத தொடரைச் சேர்ந்தது, உள்ளே நுழையக் கட்டணமில்லாதது. வீரர்களைக் குலுக்கலில் எடுக்கவேண்டிய 'கச்சா' முறையில் ஓடிய அந்த விளையாட்டு பல மடங்கு ஈட்டியது. கட்டணத்தை வெளிப்படையாகச் சொன்னவன் தோற்றான்; குலுக்கல் பெட்டி வைத்தவன் வென்றான்.

எங்கள் பள்ளிக் காலத்தில் பபுள்கம் தாளுக்குள் கிரிக்கெட் வீரர் படம் இருக்கும். முழுத் தொகுதி சேர்த்தால் பரிசு என்பார்கள்; ஒரே ஒரு படம் மட்டும் எந்தத் தாளிலும் வராது. ஜப்பானிய கைபேசி விளையாட்டுகளிலும் இதே கதை நடந்தது. குலுக்கலில் கிடைப்பவற்றை முழுத் தொகுதியாகச் சேர்த்தால்தான் அரிய பரிசு என்ற 'கொம்ப்பு கச்சா' முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2012 மே மாதத்தில் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை கூறிவிட்டது. பல்லும் கெட்டுப் பணமும் போன எங்கள் வகுப்புக்கு அப்படி ஒரு முகமை வாய்க்கவில்லை.

ஸ்விட்ச் விளையாட்டுக்கு நான் கொடுத்த பணம் ஒரே முறை வலித்தது, அவ்வளவுதான். அக்கா மகன் உள்ளே சட்டையும் துப்பாக்கி வண்ணமும் வாங்க அவ்வப்போது அக்காவிடம் கெஞ்சும் நூறும் இருநூறும் தனித்தனியே வலிப்பதில்லை. ஓர் ஆண்டுக்கு எவ்வளவு ஆனது என்று நான் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள்.

ஜூலை 6

இந்த இழையில் கைபேசியை எதிரியாகவே எழுதிவந்திருக்கிறேன். ஒரு முரண் கண்ணில் பட்டது.

யோகோய் அடிக்கடி சொன்ன கொள்கை ஒன்று உண்டு: புதுத் தொழில்நுட்பத்தைத் துரத்தாதே, பழுத்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து எதிர்பாராத இடத்தில் பயன்படுத்து. 1970களில் ஷார்ப்பும் கேசியோவும் கணிப்பான் சந்தையில் மோதிக்கொண்டதால் சிறிய திரவப் படிகத் திரைகள் மலிவாயின. அந்தத் திரைதான் கேம் அண்ட் வாட்சுக்குப் போனது. கணிப்பானைப் பார்த்துப் பிறந்த யோசனை, கணிப்பானின் உடம்பையே வாங்கிக்கொண்டது.

2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சின் உள்ளே இருந்தது என்விடியா டெக்ரா எக்ஸ்1. கைபேசி, டேப்லெட் சந்தைக்கென்று வளர்ந்த சில்லுக் குடும்பம் அது, 2015லேயே வெளிவந்த பழைய சரக்கு. தொடுதிரை, லித்தியம் பேட்டரி, அசைவை உணரும் சில்லு, யுஎஸ்பி-சி என்று ஸ்விட்சைப் பிரித்துப் போட்டால் மேசையில் கிடப்பவற்றில் பாதி, கோடிக்கணக்கில் கைபேசி விற்றதால் மலிவான பொருள்கள். எந்தக் கைபேசி 3டிஎஸ்ஸின் பாதி விற்பனையைத் தின்றதோ, அதுவே ஸ்விட்சுக்குச் சமையல் சாமான் சப்ளை செய்தது. அந்த ஸ்விட்ச் இன்றுவரை விற்றது 15 கோடிக்கு மேல். காணாமல்போன பாதி எங்கே என்று ஜூன் 9இல் கேட்டேன். பெட்டியை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது போலும்.

ஜூலை 7

"ஸ்டீம் டெக்கில் கைபேசிச் சில்லு இல்லையே" என்கிறார்கள். இல்லைதான். 2022இல் 399 டாலரிலிருந்து வந்த அது, ஏஎம்டி சில்லில் லினக்ஸ் போட்டு, புரோட்டான் என்ற இடைமென்பொருள் வழியாக விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் கணினி. 669 கிராம். கையடக்கம் என்பதற்கு இரண்டு கைகளும் ஒரு தலையணையும் தேவைப்படும். நேற்றைய வாதத்துக்கு அது விதிவிலக்கு, ஏற்றுக்கொள்கிறேன்.

கைபேசியின் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும் பொத்தான் பிடியைப் பற்றியும் கேட்டார்கள். மூன்று மாதம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கைபேசியின் உறையைக் கழற்ற வேண்டும். மாட்டிய நிமிடத்தில் யாராவது அழைப்பார்கள். பிறகு அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 19

"வாங்கிய விளையாட்டுக் கேசட் நம் சொத்து, செயலி வாடகை வீடு" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததும் கை தட்டத் தோன்றியது. தட்டுவதற்குள் என் கேசட் நினைவுக்கு வந்துவிட்டது.

2005இல் மாமா சிங்கப்பூரிலிருந்து கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி வாங்கிவந்தார். மடிக்கும் வகை, காதொலிக் குழாய் செருகத் துளைகூட இல்லாத விசித்திரம். விளையாட்டு மட்டும் சென்னையில் ஒரு சந்துக் கடையில் வாங்கினேன், அசலில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு. மேல் தாளில் விளையாட்டின் பெயரிலேயே ஓர் எழுத்து குறைந்திருந்ததை அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது மணி நேரம் விளையாடி, கடைசிச் சண்டைக்கு முன் சேமித்து, சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் முதல் ஊரில் முதல் வீட்டில் நிற்கிறேன். கடைக்காரர், "பார்ட்டி, சேவ் ஆகும்னு நான் சொன்னேனா?" என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. அசல் கேம்பாய் கேசட்டுகள் பலவற்றிலும் சேமிப்பைத் தாங்குவது உள்ளே பற்றவைத்த ஒரு வட்டச் செல்தான். அதற்கும் ஆயுள் உண்டு.

கைபேசிப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2017இல் ஐபோனின் ஐஓஎஸ் 11 மென்பொருள் வந்த அன்று, பழைய 32 பிட் முறையிலேயே நின்றுவிட்ட விளையாட்டுகள் ஒரே இரவில் திறக்காமல் போயின. நான் காசு கொடுத்து வாங்கியவற்றில் ஏழு அப்படிப் போயின. நிண்டெண்டோவின் முதல் கைபேசிச் செயலியான மீட்டோமோ 2016இல் வந்து 2018இல் மூடப்பட்டது. ஆனால் 3டிஎஸ்ஸின் இணையக் கடையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டது. புதிய ஸ்விட்ச் 2இல் சில விளையாட்டுகளுக்கு விற்கும் அட்டைக்குள் விளையாட்டே இல்லை, திறவுகோல் மட்டும். விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டுக்காரரும் மெல்ல வாடகைக்காரர் ஆகிக்கொண்டிருக்கிறார்.

மறுபுறம், 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் கடையில் பழைய கருவிகளைப் போல நடித்து அவற்றின் விளையாட்டுகளை ஓட்டும் செயலிகளை அனுமதித்தது. இன்று கேம்பாய் விளையாட்டு ஓடுவது பெரும்பாலும் கேம்பாயில் இல்லை. இந்த இழையின் தொடக்கத்தில் நான் வரைந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஸ்விட்சை எடுத்தது பதினோரு முறை. வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்றது ஒருமுறைகூட இல்லை. எடுத்த நேரம் ஏறக்குறைய எப்போதும் இரவு ஏழிலிருந்து பத்துக்குள். அந்த நேரத்தில் கூடத்துத் தொலைக்காட்சி அம்மாவுடையது. ஒரு சீரியல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்கூட ரிமோட்டைக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. நான் அதே கூடத்தில் சுவரோரம் சாய்ந்துகொண்டு விளையாடுவேன். அம்மா இடையிடையே கதையைச் சொல்வார், நான் 'ம்' கொட்டுவேன்.

அப்படியென்றால் என் கருவிக்குப் போட்டி கைபேசி இல்லை, தொலைக்காட்சி. கைபேசி பேருந்தையும் ரயிலையும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் எடுத்துக்கொண்டது. கையடக்கக் கருவி தெருவை விட்டு வீட்டுக்குள் வந்து, ஒரே திரையைப் பலர் பங்கிடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நிண்டெண்டோ இதை 2012லேயே வீ யூ என்ற தொலைக்காட்சிக் கருவியில் முயன்றது. தொலைக்காட்சியை வேறொருவர் பார்க்கும்போது கையிலுள்ள திரையில் ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் அந்தக் கைத்திரை பெட்டியை விட்டுச் சில மீட்டர் நகர்ந்தால் தொடர்பு அறுந்துவிடும், 1.36 கோடிக்குள் விற்று முடிந்தது. கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டதுதான் ஸ்விட்ச். ஜூன் 8 முதல் நான் ரயிலையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். சண்டை எப்போதோ கூடத்துக்கு மாறிவிட்டது.

ஒரு திருத்தம்: ஞாயிற்றுக்கிழமை சீரியல் இல்லாத அன்று கருவியைத் தொலைக்காட்சியில் மாட்டித்தான் விளையாடினேன். ஆகவே 'கையடக்க' என்ற சொல்லுக்காக நான் வாதாடுவதும் பாதி வழக்குத்தான்.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் தனியாக இருப்பவர், தொலைக்காட்சியும் உங்களுடையது என்றால், கைபேசியே போதும். நான் ஸ்விட்ச் 2 வாங்கவில்லை. பழையது ஓடுகிறது.

ஆகஸ்ட் 17

சுதந்திர தின விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனை நேற்று நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு அழைத்துப் போனேன். விழுப்புரம் தாண்டியதும் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால் அவன் ஆட்டம் பாதியில் அறுந்தது. இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, அவனாகவே என் பையைத் திறந்து ஸ்விட்சை எடுத்தான். கேட்காமல் எடுத்த முதல் முறை அது. நானும் கண்டுகொள்ளாதவன் போல மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

விருத்தாசலம் வருவதற்குள் ஸ்விட்ச் அணைந்துவிட்டது. ஐந்து நாட்களாக நான் சார்ஜ் போட மறந்திருந்தேன். தனி உண்டியல் என்று ஜூன் 15இல் பெருமையாக எழுதியிருந்தேன்; அதில் காசு போட வேண்டியவனும் நான்தான் என்பதை எழுதவில்லை. அவன் கைபேசியில் 61 விழுக்காடு இருந்தது.